துப்பாக்கிக்குச் சமன் பார்த்தல்

இந்த மலரில் கட்டுரையின் தலைப்பையும் எழுதியவன் பெயரையும் ஒருசேரப் பார்க்கும் அன்பர்களுக்குச் சற்று வியப்பாக இருக்கலாம். நயினார் வீட்டில் பிறந்தவன், பொழுது சாய்ந்தால் சாப்பிடாத குடும்பம், இவனுக்கும் வேட்டைத் துப்பாக்கிக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் தராசு வழியாக வந்தது. கல்கத்தா படாபஜாரில் நாற்பது வருஷமாகத் தராசு, எடைக்கல், அளவுக் கருவிகள் வியாபாரம் செய்கிறேன். துப்பாக்கி நான் சுட்டதில்லை, இனியும் சுடப் போவதில்லை. ஆனால் ஒரு கருவி பொய் சொல்கிறதா மெய் சொல்கிறதா என்று கண்டுபிடிப்பதுதான் என் தொழில். அந்தக் கண்ணோடு பார்த்ததையும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் விசாரம். தமிழில் குறி பார்த்தல், குறி வைத்தல், குறி தப்புதல் எல்லாம் உண்டு. எல்லாமே சுடுகிறவனுடைய செயல். ஆனால் சுடுவதற்கு முன்னால் துப்பாக்கியையே சோதித்து, கண் பார்க்கிற இடத்தில்தான் அது அடிக்கிறதா என்று சரிசெய்து வைக்கும் காரியத்துக்கு நம்மிடம் தனிச் சொல் புழங்கவில்லை. பட்டாளத்தார் அதை ஜீரோ செய்வது என்பார்கள். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்த அன்பர்களுக்கு அந்தச் சொல்லும், 25 கெஜத்தில் .22 ரைஃபிள் வைத்துக் குப்புறப் படுத்துச் சுட்டதும், க்ரூப்பிங் என்று வாத்தியார் கத்தியதும் நினைவிருக்கும். எங்கள் தொழிலில் எடை போடுவதற்கு முன் தட்டுகள் காலியாக இருக்கும்போது முள் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பதைச் சமன் பார்த்தல் என்போம். அதையே துப்பாக்கிக்கும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். தமிழறிஞர்கள் வேறு நல்ல சொல் சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன்.

குண்டு நேராகப் போகும் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். போகாது. குழலின் வாயை விட்ட கணத்திலேயே குண்டு விழ ஆரம்பித்துவிடுகிறது. கையிலிருந்து நழுவிய எலுமிச்சம்பழம் எப்படிக் கீழே விழுகிறதோ, கிட்டத்தட்ட அப்படியே அதுவும் விழுகிறது. விழுந்துகொண்டே முன்னாலும் ஓடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆகவே குண்டின் பாதை வளைகோடு. கண்ணின் பார்வையோ நேர்கோடு. போதாததற்குக் கண் குழலுக்குள்ளே இல்லை, குழலுக்கு மேலே ஒரு அங்குல உயரத்தில் இருக்கிறது. நேர்கோடும் வளைகோடும் எங்கேயாவது ஓரிடத்தில் சந்திக்க வேண்டுமானால், குழலைப் பார்வைக் கோட்டிலிருந்து துளியூண்டு மேல்நோக்கிச் சாய்த்து வைக்க வேண்டும். எவ்வளவு சாய்ப்பது, எத்தனை கெஜத்தில் சந்திக்க வைப்பது என்று தீர்மானித்து, சுட்டுப் பார்த்து, அந்தச் சாய்வைக் குறிக்கருவியில் பூட்டி வைப்பதுதான் சமன் பார்த்தல். குண்டு முதலில் மேலே எழும்பிப் பிறகு இறங்குகிறது என்று சொல்வதும் இந்தச் சாய்வினால்தான். தானாக எந்தக் குண்டும் எழும்புவதில்லை.

நான் பார்த்த துப்பாக்கி .315 என்று சொல்லப்படும் ரைஃபிள். வடநாட்டுக் கிராமங்களில் லைசென்ஸ்காரர் வீட்டில் ரைஃபிள் என்று ஒன்று இருந்தால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். இதற்கு ஒரு கதை உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவில் பட்டாளத்தின் தோட்டா .303. அதே அளவுத் துப்பாக்கியைப் பொதுஜனங்கள் வைத்துக்கொண்டால், பட்டாளத்துத் தோட்டாவைத் திருடியோ வாங்கியோ பயன்படுத்திவிடுவார்கள் என்று அரசாங்கத்துக்குப் பயம். எனவே சிவில் ஆட்களுக்கு .303 கூடாது என்று தடை வந்தது. துப்பாக்கிக் கம்பெனிகள் என்ன செய்தன? அதே பட்டாள ரைஃபிளின் அமைப்பை வைத்துக்கொண்டு, ஆஸ்திரியப் பட்டாளத்தின் 8 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஏற்றபடி குழலை மாற்றி விற்றன. அதுதான் .315. சுதந்திரத்துக்குப் பிறகும் நம் கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் உள்ள இச்சாப்பூர் ரைஃபிள் ஃபாக்டரியில் அதைச் செய்தார்கள். அந்த ஃபாக்டரி 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாகப் பிரித்தபோது கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனியின் கீழ் வந்தது. வெள்ளைக்காரன் பயத்தில் பிறந்த ஒரு அளவு, அவன் போய் இத்தனை வருஷம் கழித்தும் நம் ஊர்களில் சுவரில் தொங்குகிறது.

அதன் குண்டு 244 கிரெய்ன் எடை. கிரெய்ன் என்பது தானியமணி எடை, ஒரு பவுண்டுக்கு 7000. நகை வியாபாரத்தில் நாம் வைத்திருந்த குன்றிமணி மாதிரி வெள்ளைக்காரனுக்கு ஒரு மணி. 244 கிரெய்ன் என்றால் ஏறக்குறைய 16 கிராம், அதாவது இரண்டு சவரன். அந்த இரண்டு சவரன் ஈயம் விநாடிக்குச் சுமார் 2000 அடி வேகத்தில் கிளம்புகிறது. கேட்க மிரட்டலாக இருக்கிறது, ஆனால் இன்றைய ரைஃபிள்களோடு ஒப்பிட்டால் இது மந்தம். மந்தமான குண்டு அதிக நேரம் காற்றில் இருக்கும், அதிகம் விழும். 100 கெஜம் போவதற்குள் குழலின் நேர்கோட்டிலிருந்து ஏறத்தாழ 5 அங்குலம் விழுந்துவிடுகிறது. 200 கெஜத்தில் 10 அங்குலம் என்று கணக்குப் போட்டீர்களானால் தப்பு. விழுவது நேரத்தின் வர்க்கத்தில் பெருகுகிறது, வேகமும் குறைந்துகொண்டே வருகிறது. 200 கெஜத்தில் 20 அங்குலத்தைத் தாண்டிவிடும். இந்த ஒரு கணக்குத்தான் இந்தக் கட்டுரைக்கு அஸ்திவாரம்.

ரைஃபிளுக்குச் சொந்தக்காரர் என்னிடம் பல வருஷமாகப் பிளாட்ஃபாரம் தராசு வாங்குகிறவர். பீகாரில் கங்கைக்கரை ஜில்லா ஒன்றில் நிலமும் தானிய மண்டியும் உள்ளவர். பயறும் கோதுமையும் போடுகிறார். நீல்காய் என்கிற மாடு போன்ற பெரிய மான் கூட்டமாக வந்து ஒரே ராத்திரியில் வயலைத் துவைத்துவிட்டுப் போகும். இது எனக்குப் புரியாத கஷ்டமல்ல. நம் தமிழ் ஜைனர்கள் பெரும்பாலும் வந்தவாசி, திண்டிவனம், ஆரணிப் பக்கத்து விவசாயிகள். எங்கள் அப்பா மல்லாட்டைக் கொல்லையில் பந்தம் கட்டிக்கொண்டு காட்டுப்பன்றிக்குக் காவல் இருந்தவர். பன்றியை விரட்டினார், கொல்லவில்லை. விடிந்ததும் போய்ப் பார்த்தால் பாதிக் கொல்லை உழுதுபோட்டிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1972ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று பொழுதுபோக்கு வேட்டை என்பது இந்தியாவில் கிடையாது. பயிரை அழிக்கும் பிராணியைச் சுட வேண்டுமானாலும் அரசு அனுமதி வேண்டும். பீகாரில் சில ஜில்லாக்களில் நீல்காயையும் காட்டுப்பன்றியையும் தொல்லைப் பிராணிகள் என்று 2015 டிசம்பரில் மத்திய அரசு ஒரு வருஷத்துக்கு அறிவித்தது. 2016 ஜூனில் மொகாமாப் பக்கம் வெளியூர் வேட்டைக்காரர்களைக் கொண்டுவந்து இருநூறுக்கும் மேற்பட்ட நீல்காய்களைச் சுட்டார்கள். டெல்லியில் மந்திரிகளே ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள்.

நம் வாடிக்கையாளர் அனுமதி வாங்கிக்கொண்டுதான் சுடுகிறவர். ஒருநாள் கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, “ஜெயின் சாஹப், குண்டு படுகிறது, ஆனால் விழுவதில்லை. அடிபட்டு ஓடிப்போய்விடுகிறது. தோட்டா வீக்காகிவிட்டது” என்றார். துப்பாக்கியை எப்போது சரிபார்த்தீர்கள் என்று கேட்டேன். ஃபாக்டரியிலிருந்து வந்ததுதானே, அவர்கள் பார்த்துத்தானே அனுப்பியிருப்பார்கள் என்றார். நான் விற்கிற தராசு ஒவ்வொன்றும் முத்திரை போட்டுத்தான் வருகிறது. முத்திரை போட்ட தராசை லாரியில் ஏற்றி, இறக்கி, மண்டியில் ஈரத்தில் வைத்தால் முள் நகராமல் இருக்குமா? மறுபடி சோதித்து மறுபடி முத்திரை போடவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. துப்பாக்கியும் மரமும் இரும்பும் சேர்ந்தது. மழையில் மரம் ஊதும், வெயிலில் சுருங்கும், ஜீப்பில் அடிபடும். அப்புறம் வேறு கண், வேறு கை, வேறு லாட் தோட்டா. ஃபாக்டரிக்காரன் கண்ணுக்குச் சரியாக இருந்தது இவர் கண்ணுக்குச் சரியாக இருக்கும் என்று என்ன நிச்சயம்?

அவர் சோதித்துப் பார்க்காததற்கு வேறொரு காரணமும் இருந்தது. லைசென்ஸில் வருஷத்துக்கு இத்தனை தோட்டா என்று எழுதியிருக்கும். தோட்டா விலையும் அதிகம். காகிதத்தின் மேல் பத்துப் பதினைந்து தோட்டாவை வீணடிக்கவா என்று மனசு வராது. கிராமத்து லைசென்ஸ்காரர்கள் பலர் இப்படித்தான். என் அபிப்பிராயத்தில் வீணான தோட்டா என்பது காகிதத்தில் பட்டது அல்ல. அதற்குப் பிறகு வருவதைப் படித்தால் நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

கடைசியில் அனுமதி பெற்ற ஒரு ரேஞ்சில் ஏற்பாடு செய்தார், என்னையும் வரச்சொன்னார். போவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அதைப் பிறகு சொல்கிறேன். நோட்டுப் புத்தகம், அங்குல டேப், கடையிலிருந்து ஒரு வெர்னியர் காலிப்பர், இவற்றை எடுத்துக்கொண்டு போனேன்.

ரேஞ்ச் என்பது நீளமான பொட்டல். கோடியில் உயரமான மண்மேடு, குண்டு அதற்குள் புதைந்துவிட வேண்டும். மேட்டின் முன்னால் சட்டத்தில் காகிதம். சுடுகிறவர் மேஜைக்குப் பின்னால் உட்காருகிறார். மேஜை மேல் மணல் மூட்டை. துப்பாக்கியின் முன்கட்டையைத்தான் மூட்டையில் வைக்க வேண்டும், குழலை வைக்கக் கூடாது. சுடும்போது குழல் அதிர்கிறது. கெட்டியான பொருளில் அது தொட்டுக்கொண்டிருந்தால் குண்டு வேறிடம் போகும். இது ரேஞ்ச் உஸ்தாத் சொன்னது. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பேச்சு குறைவு, எல்லார் காதிலும் பஞ்சும் மூடியும் வைக்காமல் யாரையும் மேஜைக்கு அருகில் விடவில்லை.

சுடுவதற்கு முன் தோட்டா இல்லாமல் ஒரு வேலை. துப்பாக்கியின் போல்ட்டைக் கழற்றிவிட்டால் குழல் வழியாகவே பின்னாலிருந்து பார்க்கலாம். மணல் மூட்டையில் அசையாமல் வைத்து, குழலின் வட்டத்துக்குள் காகிதத்தின் கறுப்புப் புள்ளி தெரியும்படி செய்துகொண்டு, பிறகு துப்பாக்கியை அசைக்காமல் குறிமுனை வழியாகப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்தைக் காட்டினால் குண்டு காகிதத்திலாவது விழும் என்று நம்பிக்கை. அதற்குமேல் இதில் ஒன்றுமில்லை. இதையே சமன் என்று நினைத்துக் காட்டுக்குக் கிளம்புகிறவர்களும் உண்டாம்.

முதலில் 25 கெஜத்தில் மூன்று தோட்டா. எடுத்தவுடன் 100 கெஜத்துக்குப் போனால் காகிதத்துக்கே வெளியே போய்விடலாம், எங்கே போனது என்றும் தெரியாது. 25ல் மூன்றும் ஒன்றையொன்று ஒட்டி விழுந்தன, புள்ளிக்கு ஒரு அங்குலம் கீழே, முக்கால் அங்குலம் வலப்பக்கம். நம்மவருக்குச் சந்தோஷம். ஒரு அங்குலம்தானே என்றார். உஸ்தாத் பதில் சொல்லாமல் காகிதத்தை 100 கெஜத்துக்குக் கொண்டுபோனார். அங்கே மறுபடி மூன்று. பக்கத்தில் போய் அளந்தேன். மூன்று ஓட்டைகளும் மூன்றரை அங்குலத்துக்குள் இருந்தன. அவற்றின் நடுமையம் புள்ளிக்கு 4 அங்குலம் கீழே, 3 அங்குலம் வலம். கோணம் மாறவில்லை, தூரம் நாலு மடங்கானதால் பிழையும் நாலு மடங்கானது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எனக்கு இது உடனே பிடிபட்டது, ஏனென்றால் தராசில் தினமும் பார்ப்பது. ஒரு தராசில் இரண்டு விதமான குற்றம் இருக்கலாம். ஒரே கல்லை மூன்று தடவை வைத்தால் மூன்று எடை காட்டுவது ஒன்று. மூன்று தடவையும் ஒரே எடையைத்தான் காட்டுகிறது, ஆனால் எப்போதும் 50 கிராம் குறைத்துக் காட்டுகிறது என்பது இன்னொன்று. இரண்டாவதை ஒரு திருகாணியில் சரிசெய்துவிடலாம். முதலாவது கத்திமுனை தேய்ந்த தராசு, திருகாணியால் ஒன்றும் ஆகாது. துப்பாக்கியிலும் அப்படியே. மூன்று குண்டும் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்பது ஒரு கேள்வி. அந்தக் கொத்து எங்கே விழுகிறது என்பது வேறு கேள்வி. கொத்து நெருக்கமாக இல்லாவிட்டால் குறிக்கருவியைத் தொடவே கூடாது. சுடுகிறவர் வெடிச்சத்தத்துக்குப் பயந்து கண்ணை மூடுகிறாரா, குதிரையை வெடுக்கென்று இழுக்கிறாரா, குழல் தேய்ந்துவிட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். பயத்தைக் கண்டுபிடிக்க உஸ்தாத் ஒரு உபாயம் செய்தார். வெற்றுத் தோட்டா ஒன்றை அவருக்குத் தெரியாமல் இடையில் போட்டார். வெடிக்கவில்லை, ஆனால் நம்மவர் தோள் முன்னால் குலுங்கியது எல்லாருக்கும் தெரிந்தது. அரைமணி நேரம் வெறும் துப்பாக்கியில் மூச்சைப் பாதி விட்டு நிறுத்திக் குதிரையை மெல்ல அழுத்தப் பழக்கினார்.

இன்னொன்று, ஒரு குண்டைப் பார்த்துத் திருத்தக் கூடாது. ஒரு குண்டு இடப்பக்கம் போனது என்று வலப்பக்கம் தள்ளி, அடுத்தது வலம் போனது என்று இடம் தள்ளி, சாயந்திரம் வரை ஆடிக்கொண்டிருக்கலாம். குறைந்தது மூன்று, அவற்றின் நடுமையம், அதற்குத்தான் திருத்தம். குழல் சூடேறினாலும் குண்டு நகர்கிறது. ஆகவே மூன்று சுட்டதும் போல்ட்டைத் திறந்து வைத்துவிட்டு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். வேட்டையில் முதல் தோட்டா குளிர்ந்த குழலிலிருந்துதானே போகிறது?

திருத்தம் எப்படி? இந்த ரைஃபிளில் பின்னால் வெட்டு விட்ட ஒரு தகடு, முன்னால் குழல் வாயருகே நிமிர்ந்து நிற்கும் ஒரு இரும்பு முனை. வெட்டின் நடுவில் முனையைக் கொண்டுவந்து, முனையின் மேல் இலக்கை உட்கார வைப்பதுதான் குறி. பின்தகட்டை நகர்த்துவதானால் குண்டு எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். முன்முனை இதற்கு நேர்மாறு. குண்டு வலம் போகிறதென்றால் முனையையும் வலப்பக்கமே தட்ட வேண்டும், கீழே போகிறதென்றால் முனையைக் குட்டையாக்க வேண்டும். முதலில் கேட்கத் தலைகீழாக இருக்கும். ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு யோசித்துப் பாருங்கள், சரியென்று தெரியும்.

எவ்வளவு தட்டுவது என்பதுதான் ஆட்களைத் திணற வைக்கிறது. பத்தாம் வகுப்பில் படித்த ஒத்த முக்கோணம் இதற்குப் போதும். முன்முனைக்கும் பின்தகட்டுக்கும் இடையே அளந்தேன், சுமார் 20 அங்குலம். 100 கெஜம் என்பது 3600 அங்குலம். ஆக 180 மடங்கு. 4 அங்குலப் பிழையை 180ஆல் வகுத்தால் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். 3 அங்குலத்துக்கு 0.4 மில்லிமீட்டர் சொச்சம். ஒரு தபால் கார்டின் கனம் இரண்டு மூன்று சேர்த்து வைத்தாற்போல. இவ்வளவு சின்னத் தப்பு அவ்வளவு தூரத்தில் நாலு விரற்கடையாக வளர்கிறது. லைசென்ஸ் பெற்ற மிஸ்திரி ஒருவர் வந்திருந்தார். பித்தளைச் சுத்தியால் முனையை வலப்பக்கம் தட்டி, நான் காலிப்பரில் அளந்துகொண்டே வர, உயரத்தை அரம் போட்டுக் குறைத்தார். கணக்குக்குக் கொஞ்சம் குறைவாகவே அரம் போடச் சொன்னோம், ஏனென்றால் ராவிய இரும்பை ஒட்டவைக்க முடியாது. மறுபடி மூன்று: ஒரு அங்குலம் கீழே, அரை அங்குலம் இடம். இன்னும் இரண்டு இழுப்பு, ஒரு மெல்லிய தட்டு. மறுபடி மூன்று. இப்போது கொத்தின் நடுமையம் புள்ளியின் மேலேயே இருந்தது.

டெலஸ்கோப் மாட்டிய ரைஃபிளாக இருந்தால் அரமும் சுத்தியும் வேண்டாம். அதில் இரண்டு திருகு உண்டு, ஒன்று மேல்கீழ், ஒன்று இடம்வலம். திருகினால் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல் டக் டக்கென்று சத்தம் வரும். பெரும்பாலான டெலஸ்கோப்பில் ஒரு டக் என்பது கோணத்தில் கால் கலை. ஒரு பாகையில் அறுபதில் ஒன்று கலை, பஞ்சாங்கம் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். ஒரு கலை 100 கெஜத்தில் ஒரு அங்குலத்துக்கு மயிரிழை கூட. ஆக 4 அங்குலம் மேலேற்ற 16 டக், 3 அங்குலம் இடப்பக்கம் கொண்டுவர 12 டக். அதுவே 25 கெஜத்தில் திருத்துவதானால் அங்குலத்துக்கு 16 டக் வேண்டும், இதை மறந்துவிட்டுத் தோட்டாவை இறைப்பவர்கள் அதிகம்.

அவருக்கு டெலஸ்கோப் ஆசை வந்தது. உங்களுக்குத்தான் கருவிக் கம்பெனிகளோடு பழக்கமாயிற்றே, ஒன்று தருவித்துக் கொடுங்கள் என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். இல்லறத்தார்க்கு ஜைன நூல்கள் விலக்கிய காரியங்களில் ஹிம்சாதானம் என்று ஒன்று உண்டு, கொலைக்கான கருவியை எடுத்துக் கொடுப்பது. பொய்யளவு, பொய்யெடை வைப்பதும் திருட்டு வகையில் சேர்த்து விலக்கப்பட்டிருக்கிறது. நாற்பது வருஷம் இரண்டாவதைக் காப்பாற்றியவன் முதலாவதைத் தரகுக்காக விடுவதா?

அப்படியானால் ரேஞ்சுக்கு மட்டும் ஏன் போனீர்கள் என்று என் சம்சாரம் கேட்டாள். நியாயமான கேள்வி. அவளுக்குச் சொன்ன பதிலைச் சொல்வதற்கு முன் அன்று 200 கெஜத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

100ல் சரியானதும் உஸ்தாத், சாதாரணமாக எத்தனை தூரத்தில் சுடுகிறீர்கள் என்று கேட்டார். வயல்வெளிதானே, இருநூறு கெஜம் இருக்கும் என்றார் நம்மவர். அந்த ரேஞ்சில் 200 கெஜத்துக்கும் வசதி இருந்தது. சமன் பார்த்த அதே துப்பாக்கி, அதே தோட்டா, புள்ளியின் மேலேயே குறி. மூன்று குண்டும் புள்ளிக்கு 10, 11 அங்குலம் கீழே போயின. ஒன்றுக்கொன்று எட்டு அங்குலம் பரவியும் இருந்தன. அவர் திரும்பத் திரும்பக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நோட்டில் இன்னொரு கணக்கைப் போட்டேன். காலையில் வந்தபோது இருந்த நிலையில் 200 கெஜத்தில் சுட்டிருந்தால்? பழைய பிழை 4 அங்குலம் அங்கே 8 ஆகும், அதோடு இந்தப் பதினொன்று. ஒன்றரை அடிக்கு மேல் கீழே, அரை அடி வலம். நெஞ்சுக்குக் குறிவைத்தால் முன்னங்கால், இல்லையென்றால் வயிறு. தோட்டா வீக் என்று இவ்வளவு நாள் சொன்னாரே, தோட்டாவில் ஒரு குறையும் இல்லை. அடிபட்ட ஒவ்வொரு பிராணியும் உடைந்த காலோடும் கிழிந்த குடலோடும் கரும்புக்காட்டுக்குள் போய் எத்தனை நாள் கழித்து விழுந்ததோ. அவர் கணக்குப் போட்டார் போலிருக்கிறது, வண்டியில் திரும்பும்போது பேசவேயில்லை.

காயப்பட்ட பிராணியின் கதை அதோடு முடிவதுமில்லை. ஜிம் கார்பெட் 1907ல் குமாவூனில் சுட்ட சம்பாவத் பெண்புலி 436 மனிதரைக் கொன்றது என்று எழுதியிருக்கிறார். அதன் வாயைத் திறந்து பார்த்தபோது வலப்பக்கத்து மேல் கோரைப்பல்லும் கீழ் கோரைப்பல்லும் உடைந்திருந்தன. யாரோ எப்போதோ சுட்ட குண்டினால் ஏற்பட்ட பழைய காயம். இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதர்மேல் திரும்பியது என்பது அவர் முடிவு. அந்த யாரோ ஒருவருடைய பெயர் தெரியாது. சுட்டேன், தப்பிவிட்டது என்று வீட்டில் சொல்லிவிட்டுத் தூங்கியிருப்பார். நம் காலத்துக்கு வந்தால், 2019ல் பீகாரின் வைசாலி ஜில்லாவில் குண்டடிபட்டும் உயிர் போகாத ஒரு நீல்காயை மண்வெட்டும் யந்திரத்தால் குழிக்குள் தள்ளி உயிரோடு மூடிய வீடியோ நாடெங்கும் பரவியது. என் பேத்தி ஃபோனில் காட்டினாள். முழுசாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

சம்சாரத்துக்குச் சொன்ன பதில் இதுதான். உமாஸ்வாமி தம் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் சொல்லும்போது, உயிரைப் போக்குவது என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. பிரமாதம் என்ற சொல்லை முன்னால் வைக்கிறார். நாம் இன்று பிரமாதம் என்றால் ரொம்ப நன்றாயிருக்கிறது என்று அர்த்தம் செய்கிறோம். அங்கே அதன் பொருள் அஜாக்கிரதை, மெத்தனம். பார்த்துப் பார்த்து அடிவைக்கும் முனிவரின் காலடியில் தெரியாமல் ஒரு பூச்சி மாண்டால் அவருக்குப் பந்தமில்லை. பார்க்காமல் நடக்கிறவன் காலடியில் ஒன்றும் சாகாவிட்டாலும் அவன் இம்சை செய்தவன்தான் என்று ஆசாரியர்கள் விளக்கம் சொல்கிறார்கள். அறிந்தே கொல்வது தவறு என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை, அவரிடமும் பல தடவை சொன்னேன். வேலி போடுங்கள், ஆள் வைத்து விரட்டுங்கள் என்றேன். வேலிக்கு ஆகும் செலவை அவர் சொன்னார், நான் மேற்கொண்டு பேசவில்லை. சுடத்தான் போகிறார் என்று தெரிந்தபின், அந்தக் கொலையோடு மெத்தனமும் சேர்ந்து, ஒன்றைக் கொல்வதற்கு நாலைக் காயப்படுத்துவதைத் தடுக்க அளவு தெரிந்தவன் ஒரு அளவுகோலைக் கொண்டுபோனால் அது கருவி கொடுத்ததாகுமா? சம்சாரம் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. அன்று ராத்திரி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வழக்கத்தைவிட அதிகம் மாலை உருட்டினாள். அவள் கட்சியிலும் நியாயம் உண்டு. நூல் படித்த அன்பர்கள் மேற்கொண்டு விவாதிக்கலாம்.

மீதியுள்ள சில விவரங்களையும் சொல்லி முடிக்கிறேன். தோட்டா வேறு லாட் வாங்கினால், துப்பாக்கி கீழே விழுந்தால், மழைக்காலம் முடிந்தால், நீண்ட வண்டிப் பயணத்துக்குப் பிறகு, மறுபடி மூன்று தோட்டா காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது உஸ்தாத் சொன்ன விதி. கடையில் தராசுக்கு வைத்திருப்பதுபோல் அவருக்கும் ஒரு நோட்டுப் போட்டுக் கொடுத்தேன். தேதி, தோட்டா லாட், தூரம், கொத்தின் அகலம், மேல்கீழ், இடம்வலம் என்று ஆறு பத்தி. முதல் பக்கத்தில் 100 கெஜத்துச் சமனுக்கு அந்த .315 எங்கே போகும் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதினேன். 50 கெஜத்தில் முக்கால் அங்குலம் மேலே, 100ல் சரி, 150ல் 4 அங்குலம் கீழே, 200ல் 11 கீழே. உஸ்தாத் அந்தப் பக்கத்தை வாங்கிப் பார்த்து, 120க்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு இழுத்து, அதற்குமேல் சுடாதே என்று ஹிந்தியில் எழுதினார். நம்மவர் வயலில் 120 கெஜத்தை அளந்து நாலு பக்கமும் சுண்ணாம்பு அடித்த கல் நட்டிருக்கிறார். கல்லுக்கு அப்பால் நின்று மேய்ந்தால் தகரத்தைத் தட்டுகிறாராம்.